ஐயர் வளர்த்த பையன்கள்

1785-ம் வருடம். திருநெல்வேலி.

அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர், தேவசகாயம் என்பவரின் வீட்டுப் பையனைப் பார்க்கிறார். பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை. சூட்டிகையான பையன். பார்த்ததுமே அவருக்குப் பிடித்துவிட்டது. ‘இவனை என்னோடு அனுப்புங்கள். தஞ்சாவூரில் வைத்துப் படிக்கவைக்கிறேன்’ என்று தகப்பனாரிடம் கேட்கிறார்.

யோசித்துப் பாருங்கள். ரயில் கிடையாது, போஸ்ட் ஆபீஸ் கிடையாது. பெற்ற பிள்ளையை அந்நிய தேசத்துக்காரர் ஒருவரின் கையில் பிடித்துக் கொடுப்பது லேசான காரியமா?

கொடுத்தார். காரணம், கேட்டவர் சுவார்ட்ஸ் ஐயர்.

கிறிஸ்தியான் ஃப்ரெட்ரிக் சுவார்ட்ஸ். 1726-ல் பிரஷ்யாவில் பிறந்தவர். ஊர் சோனன்பர்க், இன்றைக்கு அது போலந்தில் இருக்கிறது. ஹாலே நகரில் படித்தபோதே, தரங்கம்பாடியிலும் சென்னையிலும் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்ஸேயிடம் தமிழ் எழுத்து பழகியவர். கப்பலேறி 1750 ஜூலையில் அவர் வந்து இறங்கிய இடம், நம்ம கடலூர்!

குறிஞ்சிப்பாடியில் பஸ் ஏறினால் சுமார் 25 கிலோமீட்டர்தான் கடலூர். நெய்வேலி, வடலூர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் போய்வருகிற சாதாரண ரூட். அந்தக் கடற்கரைக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. தமிழ்நாட்டின் முதல் புராட்டஸ்டன்ட் தமிழ்ப் போதகர் ஆரோன் கடலூரில் பிறந்தவர். பழைய பெயர் ஆறுமுகம். தரங்கம்பாடி மிஷனரிகள் அவரைத் தங்களோடு வைத்துப் பழக்கி, 1733 டிசம்பரில் குருப்பட்டம் கொடுத்தார்கள். சுவார்ட்ஸ் வந்து இறங்குவதற்கு ஐந்து வருடம் முன்பே ஆரோன் காலமாகிவிட்டார். ஆனால், உள்ளூர்ப் பிள்ளைகளைத் தயார்பண்ணாமல் இங்கே எதுவும் நிலைக்காது என்ற பாடம் மட்டும் மிச்சமிருந்தது.

சுவார்ட்ஸ் அந்தப் பாடத்தை நன்றாகவே படித்தார். தரங்கம்பாடி, பிறகு திருச்சி, 1778 முதல் தஞ்சாவூர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 48 வருடத்தில் ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. ஆனால் வீடு நிறையப் பிள்ளைகள்!

காலையில் ஜெபம். பிறகு உபதேசியார்கள் ஊருக்குள் கிளம்புவார்கள். சாயங்காலம் திரும்பியதும் இன்றைக்கு யாரைப் பார்த்தாய், என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று விசாரணை. பாடப்புத்தகத்தைவிட இந்தச் சாயங்காலப் பேச்சுதான் அங்கே பெரிய படிப்பு.

தரங்கம்பாடி மிஷனரி ஒருவரின் மகன் யோவான் காஸ்பர் கோல்ஹாஃப். அவனைச் சொந்தப் பிள்ளை மாதிரி வளர்த்தார் சுவார்ட்ஸ். 1787-ல் குருப்பட்டம் பெற்ற கோல்ஹாஃப், 1844-ல் சாகும்வரை தஞ்சாவூர்ப் பக்கத்திலேயே உழைத்தார். அடுத்து சத்தியநாதன். 1790-ல் குருப்பட்டம் கொடுத்து அவரைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார். நெல்லைச் சீமையில் பின்னாளில் பெரிதாக வளர்ந்த திருச்சபைக்கு ஆரம்பகாலத்தில் அஸ்திவாரம் போட்டவர்களில் அவர் முக்கியமானவர். சுவார்ட்ஸ் அங்கே போனது எப்போதாவதுதான். வேலையைச் செய்தது அவர் தயார்பண்ணிய ஆள்.

எல்லாம் சரி, செலவுக்குப் பணம்?

பி.காம். படித்தவனுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ராணுவத்துக்குப் போதகராக இருந்ததற்குக் கம்பெனி சம்பளம் கொடுத்தது. அதைக் கட்டடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போட்டார். 1779-ல் சென்னை கவர்னர் கேட்டுக்கொண்டதால் சமாதானம் பேச ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். ஆங்கிலேயர் யாரையும் நம்பாத ஹைதர் அலி இவரை நம்பி உட்காரவைத்துப் பேசினார். வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதை அப்படியே அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சரி, தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அது முதல் என்று வரவு வைத்துவிட்டார்!

இந்த நாணயத்தைப் பார்த்துத்தான் இன்னொரு பிள்ளையும் அவர் கைக்கு வந்தது. கிறிஸ்தவப் பையன் அல்ல, தஞ்சாவூர் இளவரசர். 1787-ல் மரணப் படுக்கையில் இருந்த துளஜா மகாராஜா, தாம் தத்தெடுத்த சுமார் பத்து வயது சரபோஜியை சுவார்ட்ஸின் பாதுகாப்பில் விட விரும்பினார். ‘உங்கள் தம்பி இருக்கிறாரே, அவரிடம் ஒப்படைப்பதுதான் முறை’ என்று ஒதுங்கினார் ஐயர். தம்பி அமர்சிங்கோ தானே அரியணையில் ஏறிக்கொண்டார். சரபோஜி கிட்டத்தட்ட சிறையில். விடுவாரா ஐயர்? சென்னைக்கு மனு மேல் மனு. கடைசியில் 1793-ல் சரபோஜி பத்திரமாக சென்னைக்குப் போய்ச் சேர்ந்தார், படிப்பு தொடர்ந்தது. 1798-ல் அவருக்கு அரியணையும் கிடைத்தது.

அதைப் பார்க்க சுவார்ட்ஸ் இல்லை. அதே வருடம் பிப்ரவரி 13-ம் தேதி கண்ணை மூடிவிட்டார். இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரியணை கொடுத்த கம்பெனி, மறுவருடமே தஞ்சாவூர் நாட்டின் நிர்வாகத்தை எழுதி வாங்கிக்கொண்டது. ஐயர் நியாயத்துக்காகத்தான் போராடினார். லாபக் கணக்கு வேறு இடத்தில் எழுதப்பட்டது.

சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். ஆனால் குருவை மறக்கவில்லை. லண்டனின் பிரபல சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மேனிடம் சொல்லி, பளிங்கில் ஒரு நினைவுச் சின்னம் செய்யவைத்தார். தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா பக்கம் போனால் சுவார்ட்ஸ் தேவாலயத்தில் பார்க்கலாம். படுக்கையில் ஐயர், பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி ராஜா.

சரி, அந்தத் திருநெல்வேலிப் பையன்?

அவர்தான் வேதநாயகம் சாஸ்திரியார்! தஞ்சாவூரிலும் தரங்கம்பாடியிலும் படித்து, இருபது வயதுக்குள் தஞ்சை வேத பாடசாலைக்குத் தலைமை ஆசிரியர் ஆனார். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனை என்றாலே அவர் பெயர்தான் முதலில் வரும். ஐயர் போட்ட விதை ஆலமரமாகிவிட்டது.

இங்கேயே முடித்துவிட்டால் சுகமான கதை. ஆனால் சரித்திரம் அப்படி முடிவதில்லை.

சுவார்ட்ஸ் காலத்துக் கோயிலில் ஒரே கூரையின் கீழ் வெள்ளாளர் ஒரு பக்கம், ஒடுக்கப்பட்ட சாதியினர் இன்னொரு பக்கம் உட்கார்ந்தார்கள். காலப்போக்கில் மாறிவிடும் என்று விட்டுப் பிடித்தார் ஐயர். அவருடைய காலம் போனது. அந்தக் கோடு அழியவில்லை. 1820-களில் வந்த புதிய மிஷனரிகள் எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்றார்கள். கூடவே, பழைய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தினார்கள், பூ வைப்பதைத் தடுத்தார்கள், தமிழ்க் கீர்த்தனைகளையும் நிறுத்தினார்கள். சாஸ்திரியார் கொதித்தார். இவையெல்லாம் கொடுமை என்று எழுதினார்.

பாட்டுக்காகவும் பூவுக்காகவும் அவர் போராடியதை இன்றைக்கு நாம் கைதட்டி வரவேற்போம். சாதி இருக்கைக்காகவும் அதே மூச்சில் போராடினாரே! அங்கே நியாயம் புதியவர்கள் பக்கம்தான் இருந்தது. குரு சொல்லிக்கொடுத்தது மட்டுமல்ல, சொல்லாமல் விட்டதும் சிஷ்யனிடம் பாடமாகத் தங்கிவிடுகிறது.

1829-ல் சாஸ்திரியாருக்கு மிஷன் வேலை போனது. ஐம்பத்தைந்து வயதுக்காரர், குடும்பஸ்தர். எங்கே போவார்?

கூப்பிட்டவர் சரபோஜி மகாராஜா. இயேசுவைப் பாடும் கவிஞரை, ஓர் இந்து ராஜா தன் அரண்மனைப் புலவராக வைத்துக்கொண்டார். 1832-ல் தான் இறக்கும்வரை ஆதரித்தார்.

முப்பது வருடத்துக்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்ட ஒரு மனிதரின் இரண்டு பிள்ளைகள். சபை கைவிட்ட ஒருவரை, அரண்மனையில் இருந்த இன்னொருவர் கைவிடவில்லை.