வேதனையில் விளைந்த மன்னிப்பு



துணிமணி வாங்கவும் உறவுக்காரர்களைப் பார்க்கவும் நம்மில் பலர் தேக்காவுக்குப் போய் வருகிறோம். அடுத்த முறை போனால், அங்கிருந்து சிலிகி ரோடு வழியாகக் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் தெரியும். அதே இடத்தில் இருந்த பழைய கட்டடத்தில்தான் ஜப்பான்காரன் காலத்தில் கெம்பித்தாய் என்னும் இராணுவப் போலீஸ் மக்களை அடைத்து வதைத்தது.

1943 செப்டம்பரில் நேசநாட்டு வீரர்கள் இரகசியமாக வந்து, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கு வெடி வைத்தார்கள். சாங்கிச் சிறையிலிருந்தவர்கள்தான் உளவு சொன்னார்கள் என்று ஜப்பானியர் சந்தேகப்பட்டனர். அக்டோபரில் 57 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் 15 பேர் இறந்தே போனார்கள். பாவம், அந்தத் தாக்குதலைப் பற்றி அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது!

பிடிபட்டவர்களில் ஒருவர் ஆங்கிலிக்கன் பேராயர் லியோனார்ட் வில்சன். அவரை மேசையில் கட்டிப்போட்டு, நாள் கணக்கில் அடித்தார்கள். "உன் கடவுள் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை?" என்று கேலியும் செய்தார்கள். வலியை நீக்கி அல்ல, அதைத் தாங்கும் மனவலிமையைத் தந்தே கடவுள் காப்பாற்றுகிறார் என்பது அவர் பதில்.

போர் முடிந்தபின், 1946-இல் வானொலியில் பேசியபோது, அவர் தம்மைப் பெரிய மகானாகக் காட்டிக்கொள்ளவில்லை. "இவர்களை மன்னியும்" என்று முணுமுணுத்தபோதே, நான் மனதார வேண்டுகிறேனா, அல்லது நடிக்கிறேனா என்ற சந்தேகம் தமக்கு வந்ததாகச் சொன்னார். அடிப்பவர்களின் முகம் கொடூரமாக இருந்தது. ஆகவே அவர்களைச் சின்னஞ்சிறு பிள்ளைகளாக நினைத்துப் பார்த்தாராம். குழந்தையை யாரால் வெறுக்க முடியும்? மன்னிப்பு அவருக்கு ஒரே நாளில் வரவில்லை. கொஞ்சங் கொஞ்சமாக வளர்ந்தது.

எட்டு மாதம் கழித்து அவரை மீண்டும் சாங்கிக்கே அனுப்பினார்கள். 1947-இல், வதைத்தவர்களில் ஒருவர் கிறிஸ்துவ நம்பிக்கையை ஏற்று வந்தபோது, பேராயர் தம் கையாலேயே அவருக்குத் திடப்படுத்தல் சடங்கை நடத்தி வைத்தார்.

அவரைப் பிடித்துக்கொண்டு போன அதே 1943 அக்டோபரில்தான் சயாம் மரண ரயில் பாதையும் முடிந்தது. நம் தோட்டங்களிலிருந்து அங்கே போய்த் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இதைப் படிக்கிறீர்கள். "மறந்து விடுங்கள்" என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பேராயரும் மறக்கவில்லை, நடந்ததை ஊரறியச் சொன்னார்.

கஷ்டம் மட்டுமே மனிதனை உயர்த்திவிடாது. அடிபட்டவன் அடிக்கிறவனாக மாறுவதையும் பார்க்கிறோம்தானே? அப்படி மாறாமல் நின்றதுதான் வில்சனின் வளர்ச்சி. நாம் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் சரி, நம் துன்பத்தின் கதையைப் பிள்ளைகளுக்கு முழுசாகச் சொல்வோம். அதோடு பகையையும் சேர்த்துக் கொடுத்துவிடாமல் இருப்போம்.