மீதம் வைக்காத எண்!

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் ‘பாடு’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. கடலும் ஏரியும் சேர்கிற முகத்துவாரத்தை ஒட்டி, இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். ஆளாளுக்கு வலையோடு பாய்ந்தால் அடிதடிதான் மிஞ்சும். அதனால், எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொண்டார்கள்.

பங்கு பிரிப்பதில் ஒரு சிக்கல். 60 பேர் இருந்தால் கவலையில்லை. இரண்டிரண்டாக, மும்மூன்றாக, ஐந்தைந்தாக, பன்னிரண்டு பன்னிரண்டாக... எப்படி வேண்டுமானாலும் சமமாகப் பிரியும். கூட ஒரே ஒருவர் வந்து 61 ஆகட்டும்... போச்சு! எப்படிப் பிரித்தாலும் மீதம் விழும்.

இந்த ‘மீதம் விழாத’ எண்களைத் துரத்திப் போனவர், பழவேற்காட்டுக்குத் தெற்கே, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 1912-ல் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜன்! தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிக எண்களால் மீதமின்றி வகுபடுகிற எண் எது? 2, 4, 6, 12, 24, 36, 48, 60... என்று போகிறது அந்த வரிசை. 1914-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியவர், மறுவருடமே இதைப்பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். 1916-ல் அவருக்குப் பட்டம் வாங்கித் தந்ததும் இந்த ஆராய்ச்சிதான்.

அதிலுள்ள பட்டியலின் கடைசி எண்: 6746328388800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. தலை சுற்றுகிறதா? உடைத்துப் பாருங்கள். ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, அப்புறம் 11, 13, 17, 19, 23 தலா ஒன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் அந்த எண் வந்துவிடும். ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறதோ, அதோடு 1 கூட்டிப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2×2 = 10,080. அத்தனை எண்களால் மிச்சமில்லாமல் வகுபடும்!

இதில் ஒரு வேடிக்கை. கடைசியிலுள்ள அந்த 23-ஐ மட்டும் கழற்றிவிட்டால் 293318625600 கிடைக்கும். இதுவும் அதே ஜாதி எண்தான், 5,040 எண்களால் வகுபடும். ஆனால் ராமானுஜன் பட்டியலில் இது இல்லை. எப்படியோ விட்டுப்போச்சு! கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், கையால் போட்ட 102 எண்களின் பட்டியலில் ஒன்றே ஒன்று.

பட்டியலில் ஓர் எண் விட்டுப்போனால் பிற்பாடு யாராவது கண்டுபிடித்துச் சேர்த்துவிடுகிறார்கள். மனிதர்கள் விட்டுப்போனால்? பழவேற்காட்டில் பாடு உரிமை பட்டினவர் சமூகத்தோடு நின்றது. அதே ஏரியை நம்பிப் பிழைக்கிற இருளர்களும் தலித் மீனவர்களும் அந்தக் கணக்கில் சேரவில்லை. ஏற்றுமதியால் இறால் விலை எகிறியதும், இது தகராறாகவே வெடித்தது.

மீதமில்லாமல் வகுக்க ராமானுஜன் வழி காட்டிவிட்டார். யார் யாரைச் சேர்த்துக்கொண்டு வகுப்பது என்பதை மட்டும் நாம்தான் முடிவு செய்தாகணும்.