விழுக்காட்டுக்குள் மறையும் தமனி: ஓட்டவழி விரிவுச் சோதனையின் ஒரு மறுவாசிப்பு

இரத்தக்குழாயின் உட்படலமான எண்டோதீலியம் எவ்வளவு நன்றாக இயங்குகிறது என்பதை, குழாய்க்குள் எதையும் செலுத்தாமல் அறிய இன்று பெரிதும் கையாளப்படுவது ஓட்டவழி விரிவுச் சோதனை. இரத்த ஓட்டம் கூடும்போது தமனி தன் தொடக்க விட்டத்தில் விரியும் விழுக்காடு குறைந்தால் எண்டோதீலியம் பழுதுபட்டிருக்கிறது என்பது துறையில் வேரூன்றிய வாசிப்பு. அந்த ஒற்றை எண்ணில் எண்டோதீலியத்தின் பங்கையும் தமனியின் அளவுக்குரிய பங்கையும் பிரித்தறிய வழியில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். தமனி அளவில் வேறுபடும் இரு குழுக்களை அதைக் கொண்டு ஒப்பிடும்போது கிடைக்கும் முடிவு ஐயத்துக்குரியது.

இவ்வாசிப்புக்கு மூலமாகக் காட்டப்படுவது, செலர்மேயரும் அவர் குழுவினரும் 1992-இல் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரை. புகைபிடிப்போர், பரம்பரை மிகைக் கொலஸ்ட்ரால் உள்ள சிறுவர்கள், இதயத் தமனி நோயாளிகள் ஆகியோரிடம் விரிவு குறைந்தோ இல்லாமலோ போனதை அது காட்டியது; பின்வந்தோர் எடுத்துக்கொண்டதும் இதைத்தான். அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது. ஆபத்துக் காரணிகள் ஏதுமற்ற நலமானவர்களிடையே, குழாய் பெரிதாகப் பெரிதாக விரிவு விழுக்காடு குறைந்தது. இவர்களிடம் எண்டோதீலியப் பழுதை எதிர்பார்க்க முகாந்திரம் இல்லை. அப்படியிருந்தும் எண் இறங்குகிறது. அடிக்குறிப்பாகக் கருதப்பட்டுவந்த இம்முடிவையே நான் அக்கட்டுரையின் மையமாக வாசிக்கிறேன்.

காரணத்தைச் சோதனையின் நடைமுறையிலேயே காணலாம். முன்கையில் சுற்றிய பட்டையை சிஸ்டாலிக் அழுத்தத்துக்கு மேல் ஏற்றி, 5 நிமிடம் ஓட்டத்தை நிறுத்துகிறோம். பட்டையைத் தளர்த்தியதும் இரத்தம் பாய்ந்து ஓடுகிறது. அது சுவரை உரசும் விசை கூடுகிறது. எண்டோதீலியம் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகிறது. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில், மேற்கைத் தமனி விரிந்திருப்பதை அல்ட்ராசவுண்ட் திரையில் அளக்கிறோம். 3 மி.மீ. தமனி 0.2 மி.மீ. விரிந்தால் அது 6.7 விழுக்காடு; 5 மி.மீ. தமனி அதே 0.2 மி.மீ. விரிந்தால் 4 விழுக்காடு. விரிந்த அளவு ஒன்றே. வகுக்கும் எண்தான் வேறு. 10 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே திசுவில் சுமார் 0.15 மி.மீ. என்பதையும் சேர்த்து நினைத்தால், இந்த எண்கள் எவ்வளவு மெல்லிய விளிம்பில் நிற்கின்றன என்பது விளங்கும்.

வகுத்தல் மட்டுமே சிக்கல் அன்று. ஓட்டத்தின் வேகம் சமமாக இருந்தால், உரசு விசை விட்டத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். அப்படியானால் 3 மி.மீ. தமனிக்குக் கிடைக்கும் தூண்டல், 5 மி.மீ. தமனிக்குக் கிடைப்பதைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். சிறிய தமனிக்குத் தூண்டலும் கூடுதல், வகுக்கும் எண்ணும் சிறிது. நாக்கின் அடியில் கொடுக்கும் நைட்ரோகிளிசரின் எண்டோதீலியத்தின் உதவியின்றியே தமனியை விரிக்கிறது; அந்த விரிவும் பெரிய தமனிகளில் விழுக்காட்டளவில் குறைவாகவே இருக்கிறது. எனவே குறைவு முழுவதையும் எண்டோதீலியத்தின் கணக்கில் எழுத முடியாது.

விழுக்காடு குறைந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வருவதைப் பல தொடராய்வுகள் காட்டியுள்ளனவே என்பர். உண்மைதான். ஆனால் ஓர் எண் நோயை முன்னுரைப்பது வேறு, அது எதை அளக்கிறது என்பது வேறு. விட்டம் பெருத்த தமனியும் ஆபத்தின் அறிகுறியாக இருக்கக்கூடும். 1995-இல் ஜோவானிடெஸ் குழுவினர் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுத்தபோது மணிக்கட்டுத் தமனியின் விரிவு மறைந்ததைச் சுட்டுவோரும் உண்டு. விரிவில் அவ்வாயுவின் பங்கை நான் மறுக்கவில்லை. மறுப்பது, அப்பங்கை விழுக்காடு நேர்மையாகக் காட்டுகிறது என்பதை. விழுக்காட்டை உரசு விசையால் வகுத்துத் திருத்தலாம் என்ற யோசனை நீண்ட விவாதத்துக்குரியதன்று: ஒரு பழுதான விகிதத்தின்மேல் இன்னொரு விகிதத்தை ஏற்றுவதால் பழுது நீங்காது.

ஒரே ஆளிடம் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளப்பதில், தொடக்க விட்டம் மாறாத வரை, இச்சிக்கல் பெரிதும் எழாது. ஆண்–பெண், சிறுவர்–பெரியவர், விளையாட்டு வீரர்–மற்றோர் என்ற ஒப்பீடுகளில்தான் அது கடுமையாகிறது. பெண்களின் தமனி பொதுவாகச் சிறியது. அவர்களின் விழுக்காடு உயர்ந்திருப்பதில் எண்டோதீலியத்தின் சிறப்பு எவ்வளவு, வடிவியல் எவ்வளவு என்பதைப் பெரும்பாலான அட்டவணைகளிலிருந்து கணிக்க இயலாது.

பரிகாரம் எளிது. தொடக்க விட்டத்தையும் உச்ச விட்டத்தையும் மி.மீ. அளவில் தனித்தனியே வெளியிட வேண்டும்; இரண்டின் மடக்கை வேறுபாட்டை, தொடக்க விட்டத்தின் மடக்கையை இணைமாறியாக வைத்து ஆராய வேண்டும். இவ்வழி புதிதன்று, புள்ளியியலார் முன்வைத்து ஆண்டுகள் ஆகின்றன. மறுகணக்கில் சில குழு வேறுபாடுகள் நிலைக்கும், சில கரையும் என எதிர்பார்க்கிறேன். அதுவரை, விழுக்காட்டை மட்டும் தரும் ஆய்வுகளை எண்டோதீலியப் பழுதுக்குச் சான்றாக மேற்கோள் காட்டுவதை நிறுத்திவைப்பதே முறை.