படி எடுத்தவர்கள்

அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்துக் கிரீன்ஸ்பரோ நகரிலிருந்து 1983 ஜூலையில் தொடங்கி, கமடோர் என்னும் வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருந்த அபிமானிகளுக்கென்றே நடந்து, 1990இல் தனிப் பத்திரிகை என்ற அந்தஸ்தை இழந்து தாய்ப் பத்திரிகையின் இணைப்பாக ஒடுங்கி, பின்னர் அடியோடு மறைந்துபோன ‘கம்ப்யூட்ஸ் கெஜட்’ 2025இல் மறுபடி வெளிவந்திருக்கிறது. முதல் இதழைப் பதினெட்டு வயதில் வாங்கியவருக்கு இப்போது அறுபது நிறைந்திருக்கும். அவர் நம் பக்கத்து மனிதராக இருந்தால், பேரன் பேத்திகள் சூழத் திருக்கடையூருக்கு வந்து, அமிர்தகடேசுவரர் சந்நிதியில் சஷ்டியப்தபூர்த்தி செய்துகொண்டு, தம் மனைவிக்கே இரண்டாம் முறை தாலி கட்டியிருப்பார்.

அந்தப் பத்திரிகையைப் படித்தால் மட்டும் போதாது. பக்கம் பக்கமாக அச்சான நிரல்களை வாசகனே வரி வரியாகத் தட்டி யந்திரத்தில் ஏற்ற வேண்டும். 1984 ஜனவரி இதழில் வந்த ‘ஸ்பீட்ஸ்கிரிப்ட்’ என்ற எழுத்துவேலை நிரலோ வெறும் எண்களின் வரிசை, அதையும் பொறுமையோடு தட்டி முடித்தவர்கள் அநேகர்.

இந்த அப்பியாசம் காவிரிக் கரைக்குப் புதிதன்று. ஓலை செல்லரித்துப் போகுமுன் அடுத்த ஓலையில் பெயர்த்தெழுதிய பரம்பரையால்தான் நம் நூல்கள் பிழைத்தன. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் பேதமில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். படி எடுப்பவன் அசந்தால் அர்த்தமே மாறிவிடும். கமடோர்ப் பையனுக்கும் பூஜ்யத்துக்கும் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்துக்கும் இடையே இதே சங்கடந்தான்.

சங்கடம் தீர கெஜட் ஓர் உபாயம் கண்டது. நிரலின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் பக்கத்தில் அச்சாகியிருக்கும். ‘ஆட்டோமேட்டிக் ப்ரூஃப்ரீடர்’ என்ற சிறு நிரல், தட்டிய எழுத்துகளின் சங்கேத எண்களைக் கூட்டித் திரையில் காட்டும். இரண்டும் ஒத்தால் வரி சுத்தம். ஆனால் கூட்டலுக்கு வரிசை தெரியாதாகையால், இரண்டு எழுத்துகள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. அந்தக் குறையைப் பின்னால் வந்த திருத்திய வடிவமே தீர்த்தது.

திருக்கடையூர் அபிராமி பட்டர், சரபோஜி மன்னர் காலத்தவர் என்பது வழக்கு. அவருடைய அந்தாதியில் இந்தக் குறைக்கே இடமில்லை. ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகி, நூறாவது பாட்டின் முடிவு முதற்பாட்டில் வந்து கூடுவதால், ஒரு பாட்டு விடுபட்டாலும், இரண்டு பாட்டுகள் முன்பின்னானாலும், சங்கிலி அந்த இடத்திலேயே அறுந்து நிற்கும். பாட்டின் உள்ளே நேரும் பிழைக்கு எதுகை காவல்: அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒத்து வரவேண்டும் என்பதால், அந்த இடத்தில் பிசகிய எழுத்து காதுக்கே உறுத்தும். பழைய நூல்களில் எஞ்சிய பிழைகளுக்கு உ. வே. சாமிநாதையர் போன்றவர்கள் பல ஏடுகளை ஒப்புநோக்கினார்கள். பக்தியும் இலக்கணமும் சேர்ந்து செய்த இக்காரியத்தைப் பார்க்கும்போது, ப்ரூஃப்ரீடர் சற்று இளப்பமாகவே தோன்றுகிறது.

 

1887இல் ஐயர் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய பிறகு அதை ஓலையில் பெயர்த்தெழுத ஆள் வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவிலும், கெஜட்டின் நிரல்களே காந்த வட்டில் விலைக்குக் கிடைக்கத் தொடங்கியதும், தட்டுகிற சிரமத்தைக் காசுள்ளவர்கள் விட்டார்கள். சிரமத்தோடு வேறொன்றும் போயிற்று: ஓடாத நிரலில் பிழை எந்த வரியில் என்று தேடித் தேடியே நிரலெழுதக் கற்றுக்கொள்ளும் வித்தை. அந்தப் பழைய நிரல்களெல்லாம் இன்று இணையத்தில் இனாமாகவே அகப்படுகின்றன. ஆகவே மீண்டு வந்த பத்திரிகைக்குக் கிராக்கி அபிமானத்தால் வருவதேயன்றி உபயோகத்தால் வருவதன்று. அறுபது வயதினர் அதை வாங்குவதில் எனக்கு வியப்பில்லை; பதினெட்டு வயதுக்காரர் யாரேனும் வாங்கினால் அவரிடம் காரணம் கேட்பேன்.