வட்டத்தொட்டியில் வளர்ந்த படிப்பு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்றவர் எவரும் ஆங்கிலத்தில்தான் படித்திருப்பார். சட்டம், கணிதம், வரலாறு எதுவானாலும் பாடமும் தேர்வும் ஆங்கிலமே. தமிழ் இரண்டாம் மொழி என்ற பெயரில் ஓரமாக உட்கார்ந்திருந்தது. செய்யுளைப் பதம் பிரித்து, இலக்கணக் குறிப்பு எழுதி, மதிப்பெண் வாங்கியதோடு பலருக்கும் தமிழோடு கணக்கு முடிந்துவிட்டது. அந்தத் தலைமுறையின் வக்கீல்களும் அதிகாரிகளும் கம்பனை மெய்யாகவே படித்தார்கள் என்றால், அது பெரும்பாலும் தொழிலில் காலூன்றி, தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான். வயது ஏறியபின் படிப்பது எப்படி என்று இன்று கேட்பவர்களுக்கு அவர்கள் கதையில் விடை இருக்கிறது. நிறையப் படித்தது அவர்களை வளர்க்கவில்லை. எதைத் தள்ளுவது என்று துணிந்ததும், படித்ததைப் பிறரோடு பகிர்ந்ததுமே வளர்த்தன.

இதற்குச் சிறந்த சான்று திருநெல்வேலி வட்டத்தொட்டி. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் 1882-இல் பிறந்தவர், சட்டம் படித்தவர், சட்ட மேலவை உறுப்பினராகவும் பிறகு அறநிலையத் துறை ஆணையராகவும் இருந்தவர். 1920-களின் நடுவில், நாற்பதைத் தாண்டிய வயதில், தம் வீட்டுத் தொட்டிக்கட்டில் நண்பர்களைக் கூட்டிப் பாட்டுப் படிக்கத் தொடங்கினார். அந்த இடத்தின் பெயரே கூட்டத்துக்கும் நிலைத்தது. பாடத்திட்டம், வருகைப் பதிவேடு, சான்றிதழ் எதுவும் அங்கே கிடையாது. கம்பன் பாட்டு ஒன்றை எடுத்தால் அதை டி.கே.சி. உரக்கச் சொல்வார், மீண்டும் சொல்வார், தாளமும் உணர்ச்சியும் எங்கே சேர்கின்றன என்று காட்டுவார். ஒரு மாலையில் சில பாடல்களுக்கு மேல் நகராது. கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உண்டு. அந்த வேகத்தில் போனால் ஆயுள் போதாது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். முழுவதையும் முடிக்க வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லாததால், அது குறையாகவும் படவில்லை. பரீட்சை எழுதப்போகும் மாணவனுக்கு இல்லாத சலுகை இது.

ஒரே கவிஞரைச் சுற்றிச் சுற்றி வந்தால் பார்வை குறுகிவிடாதா என்று கேட்கலாம். அந்தக் கூட்டத்தோடும் டி.கே.சி.யோடும் பழகியவர்கள் பின்னாளில் செய்தவற்றைப் பார்த்தால் நேர்மாறாகத்தான் தெரிகிறது. தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் அரசுப் பணியில் மாவட்ட ஆட்சியர் வரை உயர்ந்தவர். பாட்டை ரசிக்கப் பழகிய அவர் கல்லையும் செம்பையும் ரசிக்கத் தொடங்கினார். தஞ்சைக் கலைக்கூடம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஓய்வுக்குப் பின் கோயில் கோயிலாகப் போய் ‘வேங்கடம் முதல் குமரி வரை’ என்ற கட்டுரை வரிசையைக் ‘கல்கி’யில் எழுதினார். எஸ். மகராஜன் உயர் நீதிமன்ற நீதிபதியானவர். கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியதோடு ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். ராஜாஜி 1954-இல் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய சில வாரங்களில், எழுபத்தைந்து வயதில், ‘சக்கரவர்த்தித் திருமகன்’ தொடரைத் தொடங்கினார். 1958-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எண்பதைக் கடந்தபின் 1961-இல் கம்பனின் அயோத்தியா காண்டத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஒன்றை ஆழமாகப் படித்தவர்களுக்கு அடுத்தது எது என்று பிறர் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆர்வம் தானே கிளைவிட்டது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. டி.கே.சி. தம் சுவையையே அளவுகோலாக்கி, ஏராளமான பாடல்களைக் கம்பனுடையவை அல்ல என்று ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்ற அவர் பதிப்பு அப்படி அமைந்ததுதான். அதே நெல்லைச் சீமையில் பிறந்து, அவரைப்போலவே வக்கீலாக இருந்து, பிறகு தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்ற எஸ். வையாபுரிப் பிள்ளையின் வழி வேறு. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் நெறி. பதிப்பைப் பொறுத்தவரை நியாயம் இந்தப் பக்கமே. ஒருவருக்கு ஒரு பாட்டு பிடிக்கவில்லை என்பது கம்பன் அதைப் பாடவில்லை என்பதற்குச் சான்றாகாது. ஆனால் இந்தத் தவறு பதிப்பாசிரியரின் தவறு. வாசகரின் உரிமையை அது தொடுவதில்லை. பிடிக்காத பாட்டைத் தாண்டிப் போக ஐம்பது வயதுக்காரருக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அச்சிடும்போது மட்டும் அதை நீக்கக் கூடாது, அவ்வளவுதான். டி.கே.சி. இந்த எல்லையைத் தாண்டினார் என்பதற்காக, சுவையை முன்வைத்துப் படித்த அவர் முறையையே தள்ளிவிட்டால் இழப்பு நமக்கு.

மூன்றாவது மறுப்பு வர்க்கத்தைப் பற்றியது. வட்டத்தொட்டியில் கூடியவர்கள் வசதியும் ஓய்வும் உள்ள ஆண்கள். உழவரும் தொழிலாளரும் பெண்களும் அந்தத் தொட்டிக்கட்டுக்குள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்விக்கு மழுப்பலான பதில் சொல்வதற்கில்லை. அதே காலத்தில் வேறு சிலர் இந்தக் குறையை நேராக எதிர்கொண்டார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, முப்பது வயதுக்கு மேல் புதிய துறை ஒன்றை அடியிலிருந்து கற்றவர். எந்த வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்பது 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் புத்தகங்கள் கிராமங்களுக்குப் போயின. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு நூலக வரியையும் வாங்கி, ஊர்தோறும் நூலகம் அமைக்க வழி செய்தது. வக்கீல் வீட்டுத் தொட்டிக்கட்டில் கிடைத்த சுதந்திரம், அதாவது தானே எடுத்துப் பார்த்து, பிடித்தால் படித்து, இல்லையேல் திருப்பி வைக்கும் சுதந்திரம், இந்தச் சட்டத்தால் கூலிக்காரருக்கும் சட்டப்படி உரியதாயிற்று.

ஆனால் நூலகம் கொடுத்தது புத்தகத்தை மட்டும்தான். கூடிப் படிக்கும் பழக்கத்தைச் சட்டத்தால் கொடுக்க முடியவில்லை. அதைக் காப்பாற்றியவை காரைக்குடியில் 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகமும், அதைப் பார்த்து ஊர் ஊராக எழுந்த கழகங்களும். அவற்றிலும் நாளடைவில் மேடை உயர்ந்து, சேர்ந்து படிக்க வந்தவர்கள் பேச்சுக் கேட்பவர்களாக மாறினார்கள் என்பது உண்மை. ஓய்வுபெற்றபின் என்ன படிக்கலாம் என்று பட்டியல் கேட்பவர்களுக்கு இந்த வரலாறு பட்டியல் எதையும் தருவதில்லை. மனத்துக்குப் பிடித்த நூல் ஒன்றைக் கிளை நூலகத்திலிருந்து எடுங்கள். நாலு பேரைச் சேருங்கள். வாரம் ஒரு மாலை உரக்கப் படியுங்கள். பிடிக்காத பக்கத்தைத் தயங்காமல் தாண்டுங்கள். அடுத்த நூல் எது என்று அந்த நூலே சொல்லும்.