ஒலிக்காத எழுத்தின் வரலாறு

தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதும்போது 'எஸ்' என்ற எழுத்து இடம்பெறுகின்றது. ஒலிக்கும்போது அஃது இல்லை. எழுத்தை நம்பி 'இஸ்லண்ட்' என வாசிக்கும் மாணவன் நகைப்புக்கு இலக்காகின்றான். ஆயின், இத்தவறு உண்மையில் யாருடையது என்பது ஆராயற்பாலது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ஏறத்தாழ 'ஈய்லண்ட்' என ஒலித்தது. நீர்சூழ் நிலத்தைக் குறித்த 'ஈய்' என்பதும் நிலத்தைக் குறித்த 'லண்ட்' என்பதும் இணைந்த ஜெர்மானியச் சொல் இது. பின்னாளில் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் திரிபுற்றபோது ஈகாரம் ஐகாரமாயிற்று. சகர ஒலி எக்காலத்திலும் அதில் இருந்ததில்லை.

'ஐல்' என்பதோ வேறொரு சொல். இலத்தீன் 'இன்சுலா' பழைய பிரெஞ்சினூடாக, 1066 ஆம் ஆண்டின் நோர்மன் வெற்றியின் பின்னர், ஆங்கிலத்தை அடைந்தது. மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர் இலத்தீன் மீது கொண்ட பற்றினால் அதன் எழுத்தில் 'எஸ்' நிலைபெற்றது. பொருளும் ஒலியும் ஒத்திருந்தமையால், உறவேதுமற்ற 'ஐலண்ட்' என்ற சொல்லிலும் அவ்வெழுத்துப் புகுந்தது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் ஒலிக்காத 'பி' புகுந்ததும் இலத்தீன் பற்றினாலேயே. அதனையும் ஒலித்தல் வேண்டுமென அடம்பிடிக்கும் ஆசிரியரொருவரை, 1598 இல் அச்சான 'காதலின் வீண்முயற்சி' என்னும் நாடகத்தில் ஷேக்ஸ்பியர் எள்ளி நகையாடியுள்ளார்.

1611 ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், பவுல் கரைசேர்ந்த மெலித்தாத் தீவைக் கூறுமிடத்து இச்சொல் 'எஸ்' இன்றியே அச்சாகியுள்ளது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதி 1681 இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலோ 'எஸ்' காணப்படுகின்றது. 1755 இல் வெளிவந்த ஜோன்சனின் அகராதியும் அவ்வடிவையே கொண்டது. 1828 இல் அமெரிக்கரான வெப்ஸ்டர் தம் அகராதியில் இவ்வெழுத்துக்கூட்டலைப் பொருந்தாததெனக் கண்டித்தார். எனினும் வழக்கு மாறவில்லை.

தமிழ் மரபு இதற்கு நேர்மாறானது. வடமொழித் 'த்வீப' பிராகிருத வழியாகத் தமிழில் 'தீவு' ஆனபோது, எழுத்து ஒலியைத் தழுவியே அமைந்தது. வடசொற்கள் வடவெழுத்தை நீக்கித் தமிழில் வழங்குதல் வேண்டுமெனத் தொல்காப்பியரும் விதித்தார். இம்மரபில் வளர்ந்த மாணவன் எழுதியவாறே வாசிக்க முனைதல் இயல்பேயாம்.

எனவே, ஆங்கிலம் கற்பிப்போர் சொல்லின் ஒலியோடு அதன் வரலாற்றையும் கூறுவாராயின் மாணவனின் கூச்சம் நீங்கும். பிழைபட்டது அவன் நாவன்று. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னர்க் கற்றோர் கையே பிழைபட்டது.