தரைவிரிப்பு மறுசுழற்சி

தேய்ந்த கம்பளம், ஜமக்காளம், பாய், கால்மிதி போன்றவற்றைப் பிரித்து, அவற்றில் உள்ள இழையையும் பிளாஸ்டிக்கையும் சுண்ணாம்புத் தூளையும் மீண்டும் மூலப்பொருளாக்கும் தொழில் தரைவிரிப்பு மறுசுழற்சி. இதில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் ஒன்றைப் பொறுத்தே அமைகின்றன: விரிப்பு எத்தனை பொருள்களால் ஆனது என்பதுதான் அது. ஒரே பொருளால் ஆன விரிப்பு நூலாகவோ குருணையாகவோ எருவாகவோ திரும்ப வருகிறது. நான்கைந்து பொருள்களைப் பசையால் ஒட்டிச் செய்த விரிப்பைப் பிரிக்க ஆகும் செலவு, பிரித்தெடுத்த பொருளின் விலையைப் பல சமயம் மிஞ்சிவிடுகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தை வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னை. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கடற்கரையில் நைலான் வலை. விராலிமலையில் தொழில்துறைத் துணி ஆலை. ஊருக்கு ஊர் கல்யாண மண்டபம். விரிப்பு மறுசுழற்சியில் பேசப்படும் இழைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வடிவில் இந்த ஒரு மாவட்டத்துக்குள் புழங்குகின்றன.

விரிப்பின் உள்ளே

மேலைநாட்டு வீடுகளிலும் உலகெங்கும் உள்ள விடுதிகளிலும் அலுவலகங்களிலும் சுவருக்குச் சுவர் ஒட்டப்படும் கம்பளம் இன்று பெரும்பாலும் தறியில் நெய்யப்படுவதில்லை. பாலிப்ரோப்பிலீன் துணி ஒன்றில் நூற்றுக்கணக்கான ஊசிகள் நூலைக் குத்தி இறக்குகின்றன. அந்த நூல் உருவி வராமல் இருக்க அடிப்பக்கம் செயற்கை ரப்பர்ப் பாலைப் பூசி, அதன்மேல் இன்னொரு துணியை ஒட்டுகிறார்கள். பூச்சு கனமாகவும் மலிவாகவும் இருக்கச் சுண்ணாம்புக்கல் தூளை நிறையக் கலக்கிறார்கள். ஆகவே நாம் கம்பளம் என்று பார்க்கும் மேல்நூல் மொத்த எடையில் ஏறக்குறைய பாதிதான். மூன்றில் ஒரு பங்கு வரை சுண்ணாம்புத் தூள். மீதி ரப்பரும் அடித்துணியும்.

மேல்நூல் நைலான் 6 ஆக இருக்கலாம். நைலான் 66, பாலியஸ்டர், பாலிப்ரோப்பிலீன், கம்பளி என வேறொன்றாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து இன்னது என்று சொல்வது கடினம். எல்லாவற்றையும் சேர்த்து உருக்கவும் முடியாது. பாலிப்ரோப்பிலீன் சுமார் 165 டிகிரி செல்சியஸில் உருகும். நைலான் 6 சுமார் 220 டிகிரியில். நைலான் 66-க்கும் பாலியஸ்டருக்கும் 250 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகிய பிறகும் இவை ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆறியதும் கிடைப்பது தட்டினால் உடையும் கட்டி.

பிரிக்கும் முறை

முதல் வேலை வகை பார்ப்பது. அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் கையடக்கக் கருவியை நூல்மேல் வைத்தால் சில நொடிகளில் இழை எதுவென்று காட்டிவிடும். அதன்பின் இரண்டு வழிகள். மேல்நூலை மட்டும், ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பதுபோல, மழித்தெடுக்கலாம்; சுத்தமான இழை கிடைக்கும், ஆனால் பூச்சுக்குள் புதைந்த நூல் கைக்கு வராது. அல்லது கம்பளத்தை முழுதாகத் துண்டாக்கி, எந்திரத்தில் அடித்துச் சலிக்கலாம். சுண்ணாம்புத் தூள் உதிர்ந்துவிடும். மிஞ்சிய இழையைத் தண்ணீரில் இட்டால் அடர்த்தியே வேலையைச் செய்யும்: பாலிப்ரோப்பிலீனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராம், அது மிதக்கும், நைலான் 1.14, பாலியஸ்டர் 1.38, இரண்டும் மூழ்கும். பெரிய ஆலைகள் இதையே சுழல்நீர்க் கலங்களில் வேகமாகச் செய்கின்றன.

நனைந்து பூஞ்சை பிடித்த கம்பளம் இந்த வரிசையில் எதற்கும் உதவாது. எடை கூடுவதால் லாரிச் செலவு ஏறும், துண்டாக்கும் எந்திரம் அடைத்துக்கொள்ளும். பழைய கம்பளங்களில் கறை ஒட்டாமல் இருக்கப் பூசப்பட்ட ஃபுளோரின் வேதிப்பொருள்களும் ஒரு சிக்கல். அவை எளிதில் அழியாதவை, உடலில் தங்குபவை. அத்தகைய பூச்சுகளில் ஒன்றைக் கைவிடுவதாக 3எம் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் அறிவித்தது. அதற்கு முன் விற்ற கம்பளங்கள் பல ஆண்டுகள் வீடுகளில் கிடந்தன. ஆகவே துண்டாக்கும் இடத்தில் வேலை செய்பவர்களுக்குத் தூசு முகமூடியும் காற்று உறிஞ்சும் அமைப்பும் கட்டாயம் வேண்டும்.

நைலான் 6: கம்பளமும் வலையும்

கம்பள இழைகளில் மிக எளிதாகப் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியது நைலான் 6. கேப்ரோலாக்டம் என்ற ஒரே வேதிப்பொருளின் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டதுதான் அது. வெப்பமும் நீராவியும் கொடுத்தால் சங்கிலி அறுந்து மறுபடி கேப்ரோலாக்டம் வரும். காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்தபின், பெட்ரோலியத்திலிருந்து எடுத்த புதியதற்கும் இதற்கும் வேறுபாடு இருக்காது. நைலான் 66 இரண்டு வேதிப்பொருள்களால் ஆனது என்பதால் அதை மீட்பது இவ்வளவு நேர்வழியாக இல்லை.

நைலான் 6-ஐ மீட்கும் இந்த முறையைப் பேரளவில் செய்ய 1999-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் அகஸ்டாவில் எவர்கிரீன் என்ற ஆலை தொடங்கியது. கேப்ரோலாக்டத்தின் சந்தை விலை விழுந்ததும் 2001-இல் மூடினார்கள். ஷா என்ற கம்பள நிறுவனம் அதை வாங்கி 2007-இல் மீண்டும் இயக்கியது. பின்னர் அதுவும் நின்றது. வேதியியல் சரியாக இருந்தும் சந்தை ஆலையை மூடவைத்த இந்தக் கதை, மறுசுழற்சி பற்றிப் பேசுபவர்கள் முதலில் படிக்க வேண்டியது. இத்தாலிய நிறுவனமான அக்வாஃபில் வேறு வழியில் போனது. 2011-இல் ஸ்லோவேனியாவின் லூப்ளியானாவில் தொடங்கிய ஆலையில் கம்பளத்தோடு பழைய மீன்வலைகளையும் சேர்த்துக்கொண்டு, ஈகோனில் என்ற பெயரில் மீட்ட நைலானை விற்கிறது.

மீன்வலை என்றதும் புதுக்கோட்டைக் கடற்கரை நினைவுக்கு வர வேண்டும். கட்டுமாவடி தொடங்கிக் கோட்டைப்பட்டினத்தைத் தாண்டிச் செல்லும் சுமார் 40 கிலோமீட்டர் பாக் நீரிணைக் கரையில் மீனவர்கள் வீசும் செவுள் வலைகள் பெரும்பாலும் நைலான். விசைப்படகின் இழுவை மடிகள் பாலிஎத்திலீன். கிழிந்த நைலான் வலை கம்பளத்தைவிடப் பலமடங்கு நல்ல மூலப்பொருள். அதில் அடித்துணி இல்லை, ரப்பர் இல்லை, சுண்ணாம்புத் தூள் இல்லை. கயிறு, மிதவை, ஈயக்குண்டு ஆகியவற்றை அறுத்தெடுத்து, உப்பும் மணலும் போகக் கழுவிக் காயவைத்தால் போதும். பாலிஎத்திலீன் மடியோடு கலந்துவிடாமல் கரையிலேயே பிரித்து வைப்பதுதான் இதில் உயிரான வேலை. அதை வலை பின்னும் கைகளைவிடத் திறமாக யாரும் செய்ய முடியாது.

வாங்குவோரும் நாட்டுக்குள் இருக்கிறார்கள். டயருக்குள் வைத்து வார்க்கும் நைலான் 6 துணியில் முன்னணியில் இருக்கும் எஸ்.ஆர்.எஃப். நிறுவனத்துக்கு இதே மாவட்டத்தின் விராலிமலையில் தொழில்துறைத் துணி ஆலை உள்ளது. கேப்ரோலாக்டம் இந்தியாவில் வதோதராவிலும் கொச்சியை அடுத்த உத்யோகமண்டலிலும் தயாராகிறது. தேவைக்குப் போதாமல் இறக்குமதியும் ஆகிறது. இந்த மாவட்டத்தில் நைலான் மீட்பைத் தொடங்குவதானால் கம்பளத்தில் தொடங்க வேண்டியதில்லை, வலையில் தொடங்குவதே சரி.

பருத்தியும் கம்பளியும்

பழைய கம்பளித் துணியைக் கிழித்து மறுபடி நூலாக்கும் முறை 1813-இல் இங்கிலாந்தின் பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவரால் தொடங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. இன்று அந்தத் தொழிலின் பெரிய மையம் அரியானாவின் பானிப்பட். வெளிநாடுகளிலிருந்து வரும் பழைய கம்பளி உடைகள் அங்கே நிறம் பிரித்துக் கிழிக்கப்பட்டுப் போர்வையாகின்றன. நிறம் பிரித்து நூற்பதால் புதிதாகச் சாயம் ஏற்ற வேண்டிய தேவை குறைகிறது.

தமிழ்நாட்டில் அதற்கு இணையானது கொங்குப் பகுதியின் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்கள். திருப்பூரின் பனியன் வேஸ்ட்டையும் நூற்பாலைகளின் கழிவுப் பஞ்சையும் வாங்கி, வெள்ளக்கோவில் போன்ற ஊர்களில் தடித்த நூலாக நூற்கிறார்கள். கிழித்த பஞ்சின் இழை நீளம் குறைந்துவிடும். மெல்லிய நூலுக்கு அது தாங்காது. சுழலியில் நூற்கும் ஓ.இ. முறை குட்டை இழையையும் ஏற்கும். அந்தத் தடித்த நூல் போர்வை, திரைச்சீலை, விரிப்பு ஆகியவற்றுக்குப் போகிறது. பழைய பருத்தி ஜமக்காளமும் இதே வழியில் போகத் தடை ஒன்றுமில்லை. புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளத்தில் முழுப் பருத்தி ரகமும் உண்டு, செயற்கைப் பட்டு நூல் கலந்த ரகமும் உண்டு. முன்னது கிழித்தால் பஞ்சு. பின்னதைப் பிரித்து நூற்பது சிரமம்.

மண்டபத்துக் கம்பளமும் பிளாஸ்டிக் பாயும்

கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் இப்போது பந்தல்காரர் சுருட்டிக் கொண்டுவரும் சிவப்பு, பச்சைக் கம்பளம் நெய்ததோ ஒட்டியதோ அல்ல. பாலியஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன் இழையை ஊசியால் குத்திக் குத்திப் பின்னவைத்த துணி அது. அடியில் பூச்சு இல்லாத ரகமாக இருந்தால் மறுசுழற்சிக்கு ஏற்றது. இந்தியாவில் இந்த வகைப் பாலியஸ்டர் இழை பெருமளவு பழைய தண்ணீர்ப் பாட்டில்களிலிருந்தே வருகிறது. கரூரிலேயே அத்தகைய ஆலை உண்டு. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல மேல்சட்டையின் பாட்டில் இழைத் துணி அங்கிருந்து போனதுதான். ஆனால் பாட்டிலிலிருந்து கம்பளமான இழையை மறுபடி கம்பளமாக்க யாரும் ஏற்பாடு செய்யாததால் அது பெரும்பாலும் குப்பைமேட்டில் முடிகிறது. குழம்புக் கறையும் மண்ணும் ஏறிய கம்பளத்தைக் கழுவும் செலவு ஒரு காரணம். ஒரு நாள் நிகழ்ச்சிக்கு விரித்துவிட்டு விட்டெறியும் மலிவு ரகங்கள் இன்னொரு காரணம்.

கோரைப்பாயின் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிளாஸ்டிக் பாய்க்கு நிலைமை மேல். அது பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் மட்டுமே. ஓரத்தில் தைத்த துணியை அறுத்துவிட்டால், உருக்கிக் குருணையாக்கலாம். காயலான் கடைக்காரர் அதை மறுப்பதற்கு ஒரே காரணம், எடை இல்லாமல் இடத்தை அடைப்பதுதான்; கட்டுக்கட்டாக அழுத்திக் கொடுத்தால் வாங்குவார்.

தென்னைநார்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல், ஆலங்குடி, கீரமங்கலம் வட்டாரத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. தோப்புகள் மீண்டும் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றோடு நார்த் தொழிலும். தென்னைநார்க் கால்மிதி, நடைவிரிப்பு ஆகியவற்றை மறுசுழற்சி செய்ய ஆலை வேண்டாம். நாரில் 40 விழுக்காட்டுக்கு மேல் லிக்னின் இருப்பதால் மக்க நாளாகும். அந்தக் குணமே அதை நல்ல மூடாக்காக்குகிறது. தென்னை மரத்தடியில் தேங்காய் மட்டையை மேடான பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கினால் ஈரம் நிற்கும் என்று வேளாண் துறை சொல்லிவருகிறது. தேய்ந்த நார் விரிப்பையும் வெட்டி அதே பாத்தியில் போடலாம். வானம் பார்த்த செம்மண் பூமியில் இது சிறிய உதவியல்ல.

மக்கவைக்கவும் வழி உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக முறைப்படி, ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 பாட்டில் சிப்பிக்காளான் வித்தும் போதும். 100 கிலோ கழிவைப் பரப்பி அதன்மேல் ஒரு பாட்டில் வித்து, அடுத்த 100 கிலோ அடுக்கின்மேல் ஒரு கிலோ யூரியா என்று மாற்றி மாற்றி அடுக்கி, நிழலில் ஈரம் காயாமல் வைத்தால் சுமார் 60 நாளில் எருவாகும். 112:1 என்று இருந்த கரிம - தழைச்சத்து விகிதம் 24:1 ஆகக் குறைகிறது. இது நார்த்தூளுக்கான கணக்கு. விரிப்பைப் பொடியாக நறுக்கிச் சேர்த்தால் கூடுதல் நாள் பிடிக்கும். பல்கலைக்கழகத்தின் பயறு ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கும் வம்பன் இந்த மாவட்டத்திலேயே, ஆலங்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விவசாயிகள் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதையெல்லாம் கெடுப்பது பி.வி.சி. பூச்சு. வழுக்காமல் இருக்க நார்க் கால்மிதியின் அடியில் பி.வி.சி.யை வார்த்துவிட்டால் அது மக்கவும் மக்காது, உருக்கவும் ஆகாது. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் டையாக்சின் நஞ்சுகளும் வெளியாகும். வீட்டு வாசலுக்கு வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, பூச்சில்லாத நெய்த ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

பிரிக்கவே முடியாதவை

பிரிக்க வழியில்லாத ஒட்டுக் கம்பளத்துக்கு மிஞ்சும் இடம் சிமென்ட் சூளை. சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் இழையும் ரப்பரும் எரிபொருளாகின்றன. சுண்ணாம்புத் தூள் சுண்ணாம்பாக மாறிச் சிமென்ட்டிலேயே சேர்ந்துவிடுகிறது. அரியலூர் வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் படிவங்களை ஒட்டிப் பல சிமென்ட் ஆலைகள் இருக்கின்றன. குப்பையில் பிரித்தெடுத்த எரியும் கழிவைச் சூளைக்கு அனுப்பும் நடைமுறையும் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. இழை மீண்டும் கிடைப்பதில்லை என்பதால் இதை மறுசுழற்சி என்று சொல்லத் தயங்க வேண்டும். என்றாலும் திறந்தவெளியில் கொளுத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

சேகரிப்பும் சட்டமும்

கலிபோர்னியா 2010-இல் ஒரு சட்டம் இயற்றியது. புதிய கம்பளம் வாங்கும் ஒவ்வொருவரிடமும் சதுர கஜத்துக்கு 5 சென்ட் வசூலித்து, அந்தப் பணத்தைப் பழைய கம்பளம் சேகரிக்கவும் பிரிக்கவும் தந்தார்கள். வசூல் 2011 ஜூலையில் தொடங்கியது. அந்தத் தொகை போதாமல் பின்னர் உயர்த்த வேண்டிவந்தது. இந்தியாவில் பிளாஸ்டிக் கழிவு விதிகள் உற்பத்தியாளர் பொறுப்பைப் பொட்டலப் பிளாஸ்டிக்கின்மேல்தான் சுமத்துகின்றன. தரைவிரிப்பு அதற்குள் வரவில்லை. ஆகவே பழைய கம்பளத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை இல்லாமல், அது தூய்மைப் பணியாளரின் வண்டியில் ஏறிவிடுகிறது.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உள்ளன. மண்டபம் நடத்துவோரும் பந்தல்காரர்களும் கம்பளத்தை உதறிக் காயவைத்து, பாலியஸ்டரைத் தனியே, பாலிப்ரோப்பிலீனைத் தனியே கட்டிவைக்கலாம். எது எதுவென்று அறியக் கருவி வேண்டாம்: ஒரு சிறு துண்டை நன்றாக நனைத்துத் தண்ணீரில் அமுக்கி விட்டால் பாலிப்ரோப்பிலீன் மேலே வந்துவிடும், பாலியஸ்டர் அடியில் தங்கும். பருத்தி ஜமக்காளத்தைத் துணிக்கழிவு வாங்குவோரிடமும், பிளாஸ்டிக் பாயைக் காயலான் கடையிலும், நார் விரிப்பைத் தோப்பிலும் சேர்க்கலாம். நனைய விடாதீர்கள், கலக்காதீர்கள், கொளுத்தாதீர்கள்.